டாக்டர் கையில் வளையல்

— "கொலைகாரங்க மூஞ்சி எப்டிம்மா இருக்கும்?"னு எம்பொண்ணு ஸ்நேகா சின்னப் புள்ளையா இருக்கசொல்லோ கேட்டா மாமி. இன்னா சொல்றது? நம்ம மூஞ்சி மாதிரிதாண்டி இருக்கும்னு சொல்லி வெச்சேன்.

— ஸ்நேகா கேட்டது இருக்கட்டும் கிளியம்மா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. கதையில அந்தப் பணக்காரக் கிழவியைக் கொன்னது யாரு?

— அதான் இப்போ படிச்சேனே. டாக்டரு. பால்ல மருந்தைக் கலந்துட்டாரு. போலீஸு வந்து இட்டுகினு போயிட்சு. எந்திரி, கஞ்சி ஆறிப்போவுது.

— டாக்டர் இல்லை.

— ஐய! புஸ்தகம் என் கையில கீது. கறுப்புக் கண்ணாடி மாட்டிகினு, ஒரு எழுத்து தெரியாம படுத்துகினு, நீ எனக்குச் சொல்றியா?

— பத்திரிகை ஆபீஸ்ல பிழை திருத்தியே தலை நரைச்சவ நான். கதை எந்த இடத்துல இடறுதுன்னு காதே சொல்லிடும். இந்த டாக்டர் வந்ததுலேர்ந்து என்ன பண்றார்? கத்தறார். சுருட்டுப் பிடிக்கறார். உயில் எங்கேன்னு கேக்கறார். எழுதினவர் அவரைத் தூண்டில் புழுவா மாட்டியிருக்கார். நாம அதைக் கடிச்சிண்டு கிடக்கச்சே, நிஜமா கொன்னவ பின்வாசல் வழியா நடந்து போயிடுவா.

— எங்க வூட்டு ஆம்பள கோவளத்துல தெனம் கடலுக்குப் போறாரு. எனக்கே தூண்டில் சொல்லித் தர்றியா?

— சரி, வளையல்? கிழவியைப் பாத்துக்கற செண்பகம் பால் கொண்டு வந்தா, கண்ணாடி வளையல் சத்தம் முன்னாடி வரும்னு முதல் பக்கத்துலயே இருக்கு. கொலை நடந்த அன்னிக்குப் பால் வந்தது, சத்தம் வரலை. அதுக்குப் பேர்தான் முன்குறிப்பு. டாக்டர் கையில ஏதுடி வளையல்?

— ஊர்ல எத்தினியோ டாக்டரு. யாராச்சும் ஒருத்தர் போட்டுகினு இருந்திருப்பாரு.

— கிளியம்மா!

— சரி மாமி. செண்பகந்தான். நான்தான் மாத்திப் படிச்சேன். கடைசிப் பக்கத்துல செண்பகம்னு வந்த எடத்துல எல்லாம் டாக்டரு, டாக்டருன்னு போட்டுகினு வந்தேன்.

— ஏன்?

— ஏனா? உனக்கு ஒரு கண்ணு எப்பவோ போச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணு, அதுலதான் ஆபரேஷன். தெனம் அண்ணாந்து படுத்துகினு அதைத் தொறந்து காட்ற, நான் சொட்டு மருந்து வுடறேன். பாத்துக்க வெச்ச பொம்பளையே மருந்தால ஆளை முடிச்சுட்டான்னு என் வாயாலயே படிச்சா, சாயங்காலம் நீ எப்டித் தொறப்ப?

— கதைதானேடி.

— கதையா? மேடவாக்கத்துல ஒரு அடுக்குமாடில தாத்தா ஒருத்தரப் பாத்துகினு இருந்தேன்ல? எங்கியோ பாத்துக்க வந்த எவளோ நகைக்காக ஒரு கெழவிய அமுக்கிட்டான்னு டிவில காட்டினாங்க. மறுநா போனா, "வேலைக்கு வர்றவங்க லிஸ்ட்டுலருந்து உம்பேரை எடுத்துட்டாங்க, உள்ள வுடமுடியாது"ன்றான் செக்யூரிட்டி. மாடிலருந்து தாத்தா "கிளி, கிளி"ன்னு கூப்புடறாரு. நான் கேட்டாண்ட நிக்கறேன். யாரை சந்தேகப்பட மாட்டோமோ அவளப் புடிச்சுக் கொலைகாரின்னு ஒரு ட்விஸ்ட்டு வெச்சுட்டு எழுதறவரு பூடுவாரு. கேட்டாண்ட நிக்கறது நாங்க.

— அதை முரண்னு சொல்லுவா. பால் குடுக்கற கையே…

— இன்னா பேரு வேணும்னாலும் வெச்சுக்கோ. உம்புள்ள ஹேமநாத் சாரு போன வாரந்தான், "கேமரா மாட்டிடலாமாம்மா"ன்னு உங்கிட்ட கேட்டாரு. நான் சமையக்கட்டுலதான் இருந்தேன், காதுல வுழுந்துச்சு. இந்தக் கதைய நீ அவராண்ட சொன்னா, எனக்கு இந்த வூடும் இல்ல.

— நான் ஏன் சொல்லப் போறேன்?

— இரு மாமி. இரு இரு. அந்த வளையலு…

— என்ன வளையல்?

— அதை நான் படிக்கவே இல்லியே! கஷ்டமான வார்த்தை இன்னா கீதுன்னு மொதல்லயே ஒரு தபா பாத்து வெச்சுகினுதான் உனக்குப் படிப்பேன். நீ குளிக்கசொல்லோ முழுசாப் பாத்தேன். வளையல் வந்த எடத்தையெல்லாம் அப்டியே தாண்டிட்டேன். உங்காதுக்கு யாரு சொன்னது?

— பிழை திருத்தறவளே பிழை பண்ணிட்டேன், போ.

— உனக்குக் கண்ணு தெரியுது!

— தெரியறது. முந்தாநாள்லேர்ந்து பளிச்சுனு.

— தெரிஞ்சுகினே என்னைப் படிக்கச் சொன்னியா? சோதிச்சியா?

— அம்பாள் சத்தியமா இல்லை. நீ படிச்சு நான் கேட்டுப் பழகிடுத்து. எனக்குத் தானா படிச்சா ருசிக்கலை. நீ மாத்துவேன்னு நான் கனவா கண்டேன்? டாக்டர்னு நீ சொன்னதும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— அப்போ ஏன் சொல்லல? கண்ணு வந்ததும் வாயத் தொறந்து சொல்ல வேணாமா?

— சொல்லத்தான் இருந்தேன். முந்தாநாள் சாயங்காலம் நீ மருந்து எடுக்கப் போனே. கூப்பிடலாம்னு திரும்பினா, நீ நேரா எங்கிட்ட வரலை. சாமி அலமாரியில அம்பாள் காலடியில பாட்டிலை வெச்சு, கண்ணை மூடிண்டு, என்னமோ வேண்டிண்டே. அப்புறம் உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சு, சில்லுனு இல்லாம பண்ணி எடுத்துண்டு வந்தே. கண்ணு தெரியறதுன்னு சொன்னா அதை நீ விட்டுடுவியோன்னு சொல்லாமலே இருந்துட்டேன்.

— ஐயோ, அதைப் பாத்துட்டியா? நான் மீன் துன்றவ, உங்க சாமியத் தொட்டுட்டேன்னு…

— சாமி கேக்காத கேள்வியை நீ ஏண்டி கேக்கறே?

— வெக்கமா போச்சு மாமி. அது சரி, இந்தக் கதைய எப்போ படிச்ச?

— நேத்து மத்தியானம். நீ கீரை வாங்க ஏரிக்கரைப் பக்கம் போனியே, அப்போ. செண்பகம் வளையலைக் கழட்டறது, மருந்தைக் கலக்கறது, கடைசி வரி வரைக்கும். சாயங்காலம் நீ பாட்டிலோட வந்து, "தொற மாமி"ன்னே. நான் தொறந்து காட்டலையா?