ஏணியில் நின்ற வாசகர்

காலைக் காபி ஆறிப்போனாலும் நான் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவேன். யாரையும் கடிந்துகொள்ள மாட்டேன். விசாரணைக் குழுவினராகிய நீங்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியைப் புரிந்துகொள்வது சுலபம்.

நான் கல்லூரியில் தொழில்நுட்ப எழுத்து சொல்லித்தருகிறேன். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று, எதையும் விட்டுவிடாமல் படிப்படியாக எழுதும் பாடம். மாணவர்கள் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கி வாரம் ஒரு பதிவு போட வேண்டும். படி ஏதாவது விடுபட்டால் நான் "அப்புறம்?" என்று குறிப்பு எழுதுவேன். அவ்வளவுதான், திட்டமாட்டேன்.

துறைத் தலைவருக்கு இதில் நம்பிக்கையில்லை. "ஈ காக்கா கூடப் படிக்கலையே சார். எதுக்கு இந்த வெட்டி வேலை? அடுத்த வருஷம் தூக்கிடலாம்" என்றார்.

படிப்பவன் நான் ஒருவன்தான் என்பது உண்மை. அதனால் இன்னொருவரை உண்டாக்கினேன். அவருக்குப் பொறுமைசாலி என்று பெயர் வைத்தேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், மனைவியோடு வசிப்பவர், பதிவில் சொன்னதை அப்படியே செய்து பார்ப்பவர். துணி மடிப்பது எப்படி என்ற பதிவுக்கு, "தம்பி, நீங்கள் சொன்னபடியே சட்டையை மடித்தேன். உள்ளே நானும் இருக்கிறேன். அப்புறம்?" என்று பின்னூட்டம் போட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சொல்லி அப்படி யாரும் சிரித்ததில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆளே மாறிப்போனது தந்திதான். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மாணவி என்பதால் அந்தப் பட்டம். பொறுமைசாலிக்கு முழங்கால் வலி என்று நான் எழுதிவைத்திருந்தேன். அவருக்காக, முக்காலியை எந்தப் பக்கம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுவரை பக்கம் பக்கமாக எழுதினாள். நான் ஒரு குறை சொன்னால், "ஐயா ஒண்ணும் சொல்லலையே சார்" என்பாள். பாடத்தைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்டபோது எழுதினாள்: "எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வாத்தியார் பொறுமைசாலி ஐயா."

எனக்கு வருத்தமில்லை. அதைப் படித்துவிட்டு ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

அந்த வாரம் அவள் டியூப்லைட் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாள். மெயின் சுவிட்சை அணைப்பது, ஏணியைச் சாய்ப்பது, எல்லாம் கச்சிதம். ஏணியில் ஏறச் சொன்னவள், இறங்கச் சொல்லவில்லை. நான் பொறுமைசாலியின் மனைவி பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கி எழுதினேன்: "லைட்டை மாட்டிவிட்டு அடுத்த படிக்காகக் காத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். 'பாப்பா இன்னும் எறங்கச் சொல்லலையே' என்றார். நின்றபடியே கண்ணயர்ந்து விழுந்தார். அடக்கம் முடிந்தது. அப்புறம்?"

மறுநாள் கல்லூரியில் மௌன அஞ்சலி. துறைத் தலைவர் மைக்கைப் பிடித்து, "எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி" என்று கண்கலங்கினார். பாடத்தைத் தூக்கும் பேச்சு அத்தோடு போயிற்று. பதிவுகளின் தரமும் ஏகத்துக்கு உயர்ந்தது. முட்டை வேகவைப்பது எப்படி என்ற பதிவுகூட, "இப்போது கீழே இறங்கவும்" என்றுதான் முடிந்தது.

தந்தி மட்டும் எழுதவில்லை. விலகல் கடிதத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"படிப்ப விட்டுடறேன் சார். ஒரு வரி எழுதியிருந்தா அவரு உயிரோட இருந்திருப்பாரு."

என்னிடம் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, "இனிமேலாவது நான் சொல்றத கேளும்மா" என்றேன். முதல்முறையாகத் தலையாட்டினாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அவள் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டும் எழுதினாள். அம்மாள் பெருந்தன்மையாக மன்னித்தார். "உங்கள் சார் பேச்சைக் கேட்டிருந்தால் என் வீட்டுக்காரர் பிழைத்திருப்பார்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வரி இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் தந்தி மறுபடி எழுதினாள். தலைப்பு, "இல்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பது எப்படி". இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தப் பதிவுதான். அதில் அவள் எழுதிய படிகள் இவை: செத்தவர், அவர் மனைவி, சார் மூவரும் "அப்புறம்?" என்று கேட்பதைக் கவனிக்கவும். பின்னூட்டங்கள் சாருக்கு வகுப்பில்லாத நேரத்தில் மட்டுமே வருவதைப் பார்க்கவும். ஆசிரியர் அறைக் கணினியில் பொறுமைசாலியின் கணக்கு மூடப்படாமல் கிடப்பதைப் படம் எடுக்கவும். கடைசியாக, மேசையிலிருந்து விலகல் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்.

ஒரு படிகூட விடுபடவில்லை. என் மாணவி என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது. ஆமாம், அவரை உண்டாக்கியதும் நான்தான், கொன்றதும் நான்தான், பழியை அந்தப் பெண் தலையில் போட்டதும் நான்தான். பதிவில் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை.

முடிவில் "இதெல்லாம் சாருக்குப் பொறாமை" என்று ஒரு வரி இருந்ததல்லவா, அதை மட்டும் அடித்துவிட்டு அரை மதிப்பெண் குறைத்தேன். தொழில்நுட்ப எழுத்தில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. பொறுமைசாலி அதைக்கூட அவளுக்குச் சொல்லித்தரவில்லை, பாருங்கள்.