மண்டப வாசல்ல ஒரு பேனர்

...பந்திக்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும்னு சமையல்கட்டுலருந்து கையைக் காட்டுறாங்க. எந்திரிச்சவங்க உக்காருங்க... உக்காருங்கய்யா, சாம்பார் எங்கயும் ஓடிடாது! மணமக்களை வாழ்த்துறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கதை சொல்லிடுறேன்.

கிளிங்கான்னு ஒரு மொழி இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? எந்த மாவட்டம்னு தேடாதீங்க. வேற கிரகத்து முரட்டுப் போர்வீரர்கள் பேசுறதுக்காக, சினிமாக்காரங்க ஆள் வச்சு உண்டாக்கின மொழி. அதுக்கு அகராதி இருக்கு, இலக்கணம் இருக்கு... அதை உக்காந்து படிக்க நம்மூர்லயும் ஆள் இருக்கு!

கதிரேசன்னு ஒரு மாப்பிள்ளை. அந்த மொழின்னா அவருக்கு உசிரு. அவருக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு செந்தாமரை. ‘அவர் மண்டபத்துல கால் வைக்கும்போது, அவருக்குப் பிடிச்ச மொழியில நல்வரவுன்னு பேனர் இருக்கணும்’னு ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாம அந்தப் பொண்ணும் படிச்சுது.

படிச்சா... இலக்கணமே தலைகீழ்! ‘செந்தாமரை மாப்பிள்ளையைப் பார்த்தா’னு நாம சொல்வோம். அவங்க ‘மாப்பிள்ளையைப் பார்த்தா செந்தாமரை’ம்பாங்க. அது பரவாயில்ல, நம்ம மேடைப் பேச்சுல பாதி அப்படித்தான் இருக்கு. ஆனா அகராதியைப் புரட்டுது, புரட்டுது... நல்வரவு கெடைக்கல. ‘உள்ளே நுழை’னு போடலாமா? போலீஸ் ஸ்டேஷன்ல கூப்பிடுற மாதிரி இருக்கு. ‘வெற்றி’ங்கிறாங்களே, அதைப் போடலாமா? அது கிளம்பும்போது சொல்றது. சம்பந்தி வீட்டை வாசல்லயே வழியனுப்ப முடியுமா?

கடைசியில, அந்தப் போர்வீரன் இன்னொருத்தனைப் பார்த்தா வணக்கத்துக்குப் பதிலா என்ன சொல்வானோ, அதையே எடுத்து, அர்த்தத்தோட ஒரு காகிதத்துல எழுதிக்கிச்சு. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘என்ன வேணும்?’

பொண்ணோட அப்பா சிதம்பரநாதன் அந்தக் காகிதத்தை வாங்கிட்டு பிளெக்ஸ் கடைக்குப் போனாரு. அவருக்குத் தமிழ்ப்பற்று ஜாஸ்தி. ‘புரியாத எழுத்தை மட்டும் போடாதய்யா. இதுல அர்த்தம் இருக்கு பாரு, அதைக் கீழ தமிழ்ல பெருசா போடு!’ன்னாரு. என்ன அர்த்தம்னு படிச்சுப் பார்த்தாரா? பார்க்கல!

கல்யாண நாள். வேன் வந்து நிக்குது. மொதல்ல எறங்குறாரு மாப்பிள்ளையோட பெரியப்பா, பழனியாண்டி. அப்பா இல்லாத பையனை வளர்த்தவர். அவர் இல்லாம தாலி ஏறாது. நிமிர்ந்து பார்க்குறாரு... பேனர்ல வழக்கம்போல கைகூப்பி நிக்கிற ஒரு பொம்பளை படம். மேல கோணல்மாணலா என்னமோ எழுத்து. கீழ, ஆளுயரத்துக்கு... ‘என்ன வேணும்?’

‘யோவ் டிரைவர், வண்டியைத் திருப்பு! பொண்ணு தர்றேன்னு வரச்சொல்லிட்டு, வாசல்ல நிறுத்தி என்ன வேணும்னு கேப்பானா? நாங்க என்ன பழைய பேப்பர் எடுக்கவா வந்திருக்கோம்?’

சிதம்பரநாதன் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றாரு. ‘சம்பந்தி... சம்பந்தி... அது வேற கிரகத்து பாஷை!’

‘கீழ இருக்கிறது எந்தக் கிரகம்யா?’

மாப்பிள்ளை கண் கலங்கி நிக்கிறாரு. சந்தோஷத்துல! ‘பெரியப்பா, இது ரொம்பச் சரியான பிரயோகம்!’

‘நீ வண்டியில ஏறுடா!’

பாதி ஜடையோட ஓடி வருது பொண்ணு. கல்யாணமே கைவிட்டுப் போற நேரம்... ‘பெரிய மாமா, தப்பு என்மேலதான். அவங்க வணக்கம் சொல்றதே அப்படித்தான்...’னு ஆரம்பிச்சுது. அவர் முகத்தைப் பார்த்துது. வேர்த்து, வாடிப்போயிருக்கு. பேச்சை நிறுத்திட்டு, ‘அதை விடுங்க. உங்களுக்கு என்ன வேணும் மாமா?’ன்னுச்சு.



மனுஷன் குரலே எறங்கிப்போச்சு. ‘ஒரு காப்பி... சக்கரை போடாம. எனக்கு சுகர்மா. போற கல்யாணத்துல எல்லாம் வருக வருகன்னு எழுதி வச்சு, பன்னீரைத் தெளிச்சு, கல்கண்டை நீட்டி, பாயசம் மாதிரி ஒரு காப்பியைக் கையில குடுப்பாங்க. என்ன வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.’

காப்பி வந்துது. நின்னபடியே குடிச்சாரு. அதுக்குள்ள யாரோ ஏணி போட்டு ஏறிட்டாங்க. பெரியப்பா ஒரு சத்தம் போட்டாரு பாருங்க... ‘எவன்டா அது பேனரைக் கழட்டுறது? இருக்கட்டும்!’

மணமக்களே, இந்தப் பக்கம் பாருங்க. போட்டோவுக்கு அப்புறம் சிரிக்கலாம். நல்வரவு இன்னைக்கு வாசலோட முடிஞ்சுது. இங்க வாசல்ல கட்டியிருக்கிற பேனரை நாளைக்கு சுருட்டி வச்சிடுவாங்க. நாளையிலருந்து உங்களுக்கு வேண்டியது அந்த முரட்டுப்பய வணக்கம்தான். தினமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கேளுங்க, என்ன வேணும்னு. எரிஞ்சு விழுந்து கேக்காதீங்க... முகத்தைப் பார்த்துக் கேளுங்க. கேட்டுட்டு, போனை நோண்டாம பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. சக்கரை போடலாமா வேண்டாமாங்கிறது அப்பத்தான் தெரியும்.

சரி, சபையோரே... இப்ப உங்களையும் கேக்குறேன். என்ன வேணும்?

...தெரியும்யா, தெரியும். இலை போட்டாச்சு. எந்திரிங்க!