அண்டா எவர்சில்வரில்தான் இருக்க வேண்டும்

ஐயா, புதிதாக பீர் காய்ச்ச இறங்குகிறவர்கள் பாத்திரத்தில்தான் தவறு செய்கிறார்கள். பார்லியை முளைகட்டிக் காயவைக்க ஒரு சாக்கு போதும். நொறுக்கிய தானியத்தை மூட்டையாகக் கட்டி வெந்நீரில் போட நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பேண்டேஜ் துணி இருக்கிறது; ராஜபாளையத்தில் அதற்கா பஞ்சம். தெர்மாமீட்டரைப் பிளீச்சிங் பிரிவிலிருந்து எடுத்துவந்தேன். அதைத் திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

பாத்திரம் வேறு விஷயம். பெங்களூரில் பீர் கம்பெனியில் இருந்த பொன்னுராஜ் விவரமாகச் சொல்லியிருந்தான். சூடு சட்டென்று இறங்கக் கூடாது; அடி கனமாக, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். புதியவன் நாலு பாத்திரம் வாங்கி அல்லாடுவதைவிட, ஊறவைக்க, கொதிக்கவைக்க, புளிக்கவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய எவர்சில்வர் அண்டா போதும்.

அப்படி ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. அக்கா மகள் பரிபூரணத்தின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக ஸ்ரீவில்லிபுத்தூரில் நானே தேடி வாங்கியது. ஒரு தடவை காய்ச்சிவிட்டுக் கழுவிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் தடவை அளவுக்கு மீறிப் புளித்துக் காடியாகிவிட்டது. மறுபடி போட்டது அழகாக நுரைகட்டிக்கொண்டிருந்தபோது முகூர்த்தம் நெருங்கிவிட்டது. புளிக்கிறதை அசைக்கக் கூடாது, ஐயா.

வேறு அண்டா வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கடைக்காரர் மறுநாளே தருவதாகத்தான் சொன்னார். ஆனால் சீருக்கென்று ஒன்றை எடுத்துவைத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பது முறையில்லை.

அதனால் மாப்பிள்ளை வீட்டார் இருக்கும் தேவதானத்துக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா சங்கிலிப்பாண்டி டீக்கடையில் இருந்தார். அக்கறையாகத்தான் சொன்னேன்.

“எங்க பிள்ளைக்கு மாத்திரைய மட்டும் நேரத்துக்குக் குடுக்கச் சொல்லுங்க. வலிப்பு வராது.”

என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றேன். நல்ல மனிதர், கடைசிவரை அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

பேச்சு அக்கா சுந்தரம்மாள் காதுக்கு வந்ததும் அவள் கூப்பிட்டது என்னைத்தான். பொய் சொல்லாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

“ஏலே, நீ போய்ச் சொன்னா அவிய நம்புவாக. எம்மவளுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வா” என்றாள்.

பரிபூரணம் கதவோரம் நின்றாள். “எனக்கு எப்ப மாமா வலிப்பு வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள். போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

போகவும் செய்தேன். மாப்பிள்ளையின் அப்பா காப்பி கொடுத்துவிட்டு, நோய் உண்டா இல்லையா என்று நேராகவே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செத்த நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

சம்பந்தம் முறிந்தது. இப்போது சேத்தூரிலிருந்து மடவார் வளாகம்வரை ஒருவரும் அவளைப் பெண் கேட்டு வருவதில்லை. அவளும் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதபோது நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பீர் நன்றாக வந்திருந்தது.

வாடையைப் பிடித்து வந்த நீங்கள் காய்ச்சியதைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். மனதில் வைத்துக்கொள்வானேன் என்று மற்றதையும் சொல்லிவிட்டேன். அண்டாவைச் சாட்சிக்கு எடுத்துப்போங்கள், நெளியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அவளுக்கு ஓர் இடம் அமைந்தால் முன்னால் நின்று எல்லாம் செய்யப்போவது நான்தான். அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?