கவசம் மாட்ட ஒரு கொக்கி

கொக்கி வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டாரா, நானாகவே வைத்துத் தருகிறேன் என்றேனா என்பது இப்போது சரியாக நினைவில்லை. அவர் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். எண்ணெய்க் கிணற்றின் அடியில் பாறையைக் கரைக்க அமிலம் இறக்குவோம். அமிலத் தொட்டிகளின் வால்வுகள் அவர் பொறுப்பு. தொட்டி ஒழுகினால் வெல்டிங் வைத்து அடைப்பது என் பொறுப்பு.

"மச்சான் ஒட்டு ஒரு வாரம் தாங்கும். அடுத்த வாரம் மச்சானே வந்துடுவாரு" என்பார், சாப்பிடும்போது. தங்கை சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

இன்ஜினியரை நச்சரித்துப் புதிய தொட்டிகளை வரவழைத்தது அவர்தான். உள்ளே முழுக்க ரப்பர் உறை. வெளியே சிவப்பு எழுத்தில், வெல்டிங் கூடாது. வெளியே சூடு பட்டால் உள்ளே ரப்பர் வெந்துபோகும். அந்த இடத்தில் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். இன்ஜினியர் இதை எனக்கு நிதானமாக விளக்கிவிட்டு, இனி பெயின்ட் வேலையைப் பார்த்துக்கொள் என்றார்.

"இனிமே சாஞ்சு நின்னாக்கூட பயமில்ல மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

அவர் முகக் கவசத்தைக் கழற்றித் தரையில் வைப்பார். கீறல் விழும். அதற்காகத்தான் கொக்கி. சோதனைகள் முடிந்து, தொட்டி நிரம்புவதற்கு முன்பு, மதிய இடைவேளையில் வைத்தேன். அவரைத் தொட்டியோடு ஒட்டி நிற்கச் சொல்லி, கண் உயரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். கருகிய இடத்தில் நானே பெயின்ட் அடித்தேன்.

எனக்குக் கோபம் தொட்டிமேல்தான். அதுவும் ஒழுகும் என்று எல்லோரும் பார்க்க வேண்டும், அவ்வளவே.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், அவர் கவசத்தைக் கழற்றி மாட்டும்போது கொக்கியின் அடியிலிருந்து அமிலம் பீய்ச்சியடித்தது. முதலில் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றியவன் நான். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த வாரம் முழுக்கவே பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்தார். இன்ஜினியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பழைய தொட்டிகள் திரும்பி வந்தன. விசாரிக்க நீங்கள் வரும்வரை நான்தான் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை என் வீட்டில் இருக்கிறாள். இப்போது சாப்பிடும்போது யாரும் சிரிப்பதில்லை.

"வெல்டிங் கூடாதுன்னு எழுதியிருக்கே மச்சான்" என்றார் அன்று. "நான் வைக்கிறேன்ல, மாப்ளே" என்றேன். சரியென்று ஒட்டி நின்றார்.

இல்லை. அவர் கொக்கி கேட்கவில்லை.