அளக்க வந்த வீடு

இல்லக்கா, தண்ணி வேணாம், இப்பதான் குடிச்சேன்... சரி சரி, குடுங்க. குடுக்கற தண்ணிய வேணாம்னு சொன்னா அப்புறம் அந்த வீட்டுல யாரும் மனசு விட்டுப் பேச மாட்டாங்கன்னு எங்க சமூகவியல் மேடம் சொல்லுவாங்க. இயற்பியல் சார் அப்படியே தலைகீழ். பேசவே பேசாத, சூடு அளக்கற பொட்டிய சுவத்துல மாட்டிட்டு வந்துருன்னுவார்.

உக்காரலக்கா, நிக்கறேனே. நீங்க தைங்க. யூனிஃபார்ம் சாயந்திரம் குடுக்கணும்னீங்களே. பாப்பா எங்க? ஓ, துணி மூட்டைக்கு அந்தப் பக்கமா. சரி.

ஆமா, அதே படிப்புதான். பருவநிலை மாற்றம். சிரிக்காதீங்க! எங்க மாமாவும் இப்படித்தான். வெயில் அடிக்குதுன்னு சொல்றதுக்கு மூணு வருஷப் படிப்பாங்கறார். எங்க பாத்தாலும் நாளைக்கு மழை வருமா, துணி காயப் போடலாமான்னு ஒரே கேள்வி. தெரியாது மாமான்னா, அப்ப என்னதான் படிக்கறேன்னு மொறைக்கறார்.

எங்களுக்குன்னு ஒரு கட்டடம்கூடக் கெடையாதுக்கா. காலையில ஒரு எடத்துல கடல், அடுத்து இன்னொரு மாடியில சட்டம், சாப்பிட்டு வந்தா புள்ளிவிவரம், அப்புறம் பொதுச் சுகாதாரம். பையத் தூக்கிட்டு ஓடிட்டே இருக்கணும். எங்க போனாலும் விருந்தாளிதான். நுனிப்புல் மேயற கூட்டம் வந்துருச்சுன்னு இயற்பியல் சார் காதுபடவே சொல்லுவார். மொதல்ல ரோஷமா இருந்துச்சு. இப்ப அது இல்ல தொல்லை. அத்தன பேர் சொன்னதும் ஒரே மண்டைக்குள்ள கெடந்து அடிச்சுக்குது.

பொட்டியா? நல்லாத்தான் வேலை செய்யுது. அது அளக்கற சூடு எல்லாம் அப்பப்ப என் ஃபோனுக்கு வந்துரும். நாங்க மூணு பேர் சேந்து செய்யற ப்ராஜெக்ட், எல்லாமே இந்த மாதிரி ஷீட் போட்ட மாடி ரூம்தான். கிராஃப் போட்டா உங்க வீட்டுக் கோடு எல்லாத்துக்கும் மேல நிக்குது. சார் பாத்துட்டு, அடடா, அருமையான டேட்டான்னு முதுகுல தட்டினார். அவர் தட்டினதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலக்கா.

எவ்ளோன்னு உங்ககிட்ட சொல்லக் கூடாது. அது புள்ளிவிவர சார் போட்ட விதி. தெரிஞ்சா ஜன்னலத் தெறப்பாங்க, தரையில தண்ணி தெளிப்பாங்க, அப்புறம் அது வழக்கமா இருக்கற வீடா இருக்காதுன்னார். எனக்கும் அப்ப நியாயமாத்தான் பட்டுச்சு. நல்லாத் தலையாட்டினேன்.

தெரியும், தூசி பட்டா வெள்ளத் துணி பாழாயிரும்னுதான் ஜன்னலச் சாத்தியே வெச்சிருக்கீங்க. நான் குத்தம் சொல்ல வரல. இந்த ரூம்ல வேகறது நீங்க, உங்களுக்கு நான் வந்து வெயிலப் பத்திப் பாடம் எடுக்கணுமா? படியேறி வந்ததும் சொல்லியிருக்கணும். எதை எதையோ பேசிட்டு நிக்கறேன் பாருங்க.

அக்கா, பொட்டி மாட்ட வந்தப்ப பாப்பா வீல்வீல்னு கத்தினா. நீங்க மிஷின்ல உக்காரவே முடியல. இப்ப சமத்தாயிட்டா, பகல் பூரா தூங்கறா, எனக்கும் வேலை ஓடுதுன்னு ஃபோன்ல சந்தோஷமாச் சொன்னீங்க. நானும் அப்பாடான்னேன். இன்னிக்குக் காலையில சுகாதார மேடம் பாடம் நடத்தினாங்க. பாதியில எழுந்து வந்துட்டேன்.

பாப்பா துணி நனைக்கறது கொறைஞ்சிருக்கா? நல்லா யோசிங்க. பாலுக்கு எழுப்பினா எழுந்துக்கறாளா?

தைக்கறத நிறுத்துங்கக்கா.

அது தூக்கம் இல்ல. சூடு தாங்காமத் துவண்டு கெடக்கா. நேத்து மத்தியானம் இந்த ரூம் நாப்பத்தோரு டிகிரி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அவ்ளோ கொதிக்காது. பெரியவங்க நமக்கு வேர்த்தாவது கொஞ்சம் தணியும், கைக்குழந்த என்ன பண்ணும்?

அழாதீங்க. உங்க தப்பு இல்ல. நம்பர் எங்கிட்ட இருந்துச்சு, உங்ககிட்ட இல்ல. பயமாத்தான் இருக்கு, எனக்கும்தான். ஈரத் துணியால கை கால் தொடைங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பால் குடுத்துப் பாருங்க. கீழ வண்டிய நிறுத்தி வெச்சுட்டுத்தான் மேல வந்தேன்.

ப்ராஜெக்டா? ஒரு வீட்டுல சொல்லிட்டா மொத்தமும் செல்லாது. மூணு பேருக்கும் ஒரு வருஷம் போகும். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் இன்னும் சொல்லல, கொன்னுருவாளுங்க. விடுங்க, குடையும் டவலும் எடுத்துக்கங்க.

படி பாத்து எறங்குங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் பாக்கற வரைக்கும் கூட இருக்கேன். அப்புறம் நான் மத்த மாடிக்கெல்லாம் ஏறணும். அங்க ரெண்டு வீட்டுல பிள்ளைங்க சமத்தாத் தூங்குதுங்களாம்.