சலங்கை ஆருக்கு?

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நடனச் சாமான்கள் விற்கும் கடை. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு கறுப்பினப் பெண்கள், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் போல. இளையவள் ஒரு சோடிச் சலங்கையை மேசையில் வைத்தாள். கடைக்கார அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான் அன்ரி. டான்ஸ் பழகிறன்." பதில் தமிழிலேயே வந்தது.

மூத்தவளின் முகம் மாறியது. அதன்பிறகு அவர்கள் பேசியது பிரெஞ்சில். எனக்கு அது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"அவவோடை என்ன ரகசியம் கதைக்கிறாய்?"

"ரகசியம் ஒண்டுமில்லை. ஆருக்கெண்டு கேட்டவ."

"உண்மையைச் சொல்லு. தமிழ்ப் பெடியன் ஆரையும் பிடிச்சிருக்கிறியோ?"

"இல்லை. எனக்கு இந்த ஆட்டம் விருப்பம்."

"கறுப்புப் பெட்டையள் உதே ஆடுறவை? எங்கடை ஆட்டம் உனக்குக் காணாதோ?"

"அதுவும் ஆடுறனான்தானே. போன மாதம் கலியாண வீட்டிலை விடியும்வரை உன்னோடை ஆடினது ஆர்?"

மூத்தவள் ஒரு சலங்கையை எடுத்துச் சப்பாத்தின் மேல் கட்டிப் பார்க்கக் குனிந்தாள். இளையவள் அதைப் பறித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சப்பாத்தோடை கட்டக் கூடாது."

"பாத்தியே! நீ இப்ப கறுப்புப் பெட்டையே இல்லை."

இளையவள் காசைக் கொடுத்துச் சலங்கையைப் பைக்குள் வைத்தாள்.

"மெத்ரோ வாசலிலை பொலிஸ் எத்தனை தரம் சனத்துக்குள்ளை என்னை மட்டும் மறிச்சு அடையாள அட்டை கேட்டிருக்கு? நான் கறுப்போ எண்டு அவங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வரேல்லை. உனக்குத்தான் வருது."