ஏர்கோன் ரூமில் ஃபூசியா

கோலா சாவாவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், எஸ்டேட் ஸ்டாப்பில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். "என் வீட்டுக்காரரு ஹால்ல படுக்கிறாரு, செடிதான் ரூம்ல என்கூட இருக்கு" என்று மூத்தவர் சொன்னதும் நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"என்ன செடிக்கா?" என்றாள் இளையவள்.

"ஃபூசியா. ஜிமிக்கி மாதிரி பூ தொங்கும், கொடியா ஏறும். குளிரு ஊரு கேமரன் மலையில வாங்கினேன். பனியே விழுந்தாலும் சாகாதுன்னு கடைக்காரன் சொன்னான்."

"நம்ம பக்கம் ஏதுக்கா பனி?"

"அதான்லா பிரச்சினை. வாசல்ல வெச்சேன், ரெண்டே நாள்ல வாடிப் போச்சு. வேருல ஐஸ் கட்டி வெச்சுப் பார்த்தேன். கடைசியில ரூமுக்குள்ள ஜன்னல் ஓரமா வெச்சு, ஏர்கோனைப் பதினாறு டிகிரியில போட்டுட்டேன்."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவருக்கு இருமல் வந்துருச்சு. 'நானா செடியா, ஒண்ணைச் சொல்லு'ன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். கோவிச்சுக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு."

இளையவள் சிரிக்கவில்லை. "எத்தனை நாளாக்கா யோசிக்கிறீங்க?"

"மூணு வாரம் ஆச்சு. இன்னைக்குக் காலையில ரூமுக்குள்ள அவரு குரல் கேட்டுச்சு. எட்டிப் பார்த்தா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு செடி பக்கத்துல நிக்கிறாரு. முதல் பூ விரிஞ்சிருக்கு. அதைப் போன்ல தங்கச்சிக்குக் காட்டிக்கிட்டு, 'நான் வளர்த்தது, உன் அண்ணிக்கு இதுக்கெல்லாம் பொறுமை இல்ல'ங்கிறாரு."